அரை நூல்

மேசை செய்தது பங்குனியில்.
வெண்ணாற்றுக் கரைத் தேக்கு.
ஏலத்தில் நாலு பேர் கூட்டாக எடுத்த அடிமரத்தில்
என் பங்கு ஆறடி.
அறுத்து, இடைக்குச்சி வைத்து அடுக்கி,
பதினாலு மாதம் காற்றுக்குக் கொடுத்திருந்தேன்.
வெட்டுமுகத்தில் வளையம் எண்ணலாம்.
கடைமடைவரை தண்ணீர் வந்த வருஷம்
விரல் நுனி அகலம்.
மேட்டூர் திறக்காத வருஷம்
மயிரிழை.

பதுருன்னிசா டீச்சர் கேட்டது ஒன்றுதான்:
மேல்பூச்சு உரிந்தால் உள்ளே மாவு தெரியக் கூடாது,
முழு மரம் வேண்டும்.
முழு மரம்னா அது ஒரு இடத்தில நிக்காது டீச்சர்.
நிக்காதுன்னா?
அகலத்துல நடக்கும்.
சிரித்துக்கொண்டே முன்பணம் எண்ணினார்.

இழுப்பறைக்கு மேலே அரை நூல் விட்டேன்.
பங்குனிப் பலகை இளைத்துக் கிடக்கும்,
இதுதான் என் அளவென்று சத்தியம் பண்ணும்.
நம்பியது என் தப்பு.

ஐப்பசி. ஒன்பதாம் நாள் அடைமழை.
கூத்தாநல்லூரிலிருந்து ராத்திரி எட்டரைக்குப் போன்.
இன்னாசி, ஒங்க மேசை வாயத் தொறக்க மாட்டேங்குது.
நாளைக்குப் பத்தரைக்குப் பத்திர ஆபீஸ்.
மூலப் பத்திரம் உள்ள இருக்கு.

உளிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனேன்.
கரண்ட் இல்லை. சார்ஜ் விளக்கின் வெளிச்சத்தில்
மலேசியாவிலிருந்து வந்த தம்பி
ஸ்குரூடிரைவரும் கையுமாக.
நான் முதலில் பார்த்தது பத்திரத்துக்குத் தவித்தவர்களை அல்ல,
முகப்பு விளிம்பில் புதிதாக விழுந்திருந்த
இரண்டு பள்ளத்தை.

இழைச்சுத் தள்ளுங்க என்றார் அவர்.
இப்ப இழைச்சா சித்திரையில
பல்லு போன வாய் மாதிரி ஆடும்.
அப்ப ஒடைங்க, வேற செய்யக் காசு நான் தர்றேன்.

டீச்சர் பேசவில்லை.
கைப்பிடியில் இரண்டு விரல் வைத்திருந்தார்,
இழுக்காமல்.

விடுதலைப் பத்திரமாம்.
இந்த வீட்டில் தன் பாதியை விட்டுக்கொடுத்து
நாளைக்குக் கையெழுத்து.
மரவேலைக்காரனுக்கு அதில் அபிப்பிராயம் கூடாது.
மெழுகு தேய்த்தேன். கீழிருந்து தட்டினேன்.
ஊறிய தேக்கு அசையவில்லை.
முக்கால் மணி நேரம்
தெரிந்த ஒன்றைச் சொல்லாமல்
தெரியாததை எல்லாம் செய்துகொண்டிருந்தேன்.

போனில் சிக்னல் தேடித் தம்பி வாசலுக்குப் போனபோது
குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:
முதுகுப் பலகைய நான் பசை போட்டு ஒட்டுறதில்ல டீச்சர்.
ஊதி வாங்க எடம் விட்டு
காடியில சும்மா நிக்குது. நாலே திருகு.
பின்பக்கமாக் கைய விட்டு எடுத்துடலாம்.

மழை ஓட்டில் இரைந்தது.
தானாத் தொறக்க எத்தனை நாளாகும்?
தை பாதியாவது ஆகணும்.
அவனுக்கு வெள்ளிக்கிழமை பிளைட்டு.

வேறொன்றும் சொல்லவில்லை.
மேசையின் இரண்டு மூலையையும் பிடித்து
சுவரோடு சுவராக
இன்னும் கொஞ்சம் தள்ளினார்.
கனமான மேசை. நான்தான் செய்தேன், எனக்குத் தெரியும்.
ஒரு பக்கம் நானும் கை கொடுத்தேன்.

தம்பி திரும்பி வந்து கேட்டபோது
மரம் ஊறிப்போச்சு, ஒண்ணும் பண்றதுக்கில்ல என்றேன்.
அதில் பாதி உண்மை.

தை இருபத்திரண்டில் போன் வந்தது.
தொட்டேன், வந்துடுச்சு.
உள்ளே இருந்ததைப் பற்றி அவரும் சொல்லவில்லை.
இன்னும் அரை நூல் எடுத்துத் தர்றேன் டீச்சர்,
அடுத்த மழைக்குப் பிடிக்காது.
வேணாம். பிடிக்கட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து,
அந்த ரெண்டு பள்ளம்?

ஈரத்துணி போட்டு
மேல இஸ்திரிப் பெட்டிய வச்சா
நசுங்கின நார் எழுந்து வந்துடும்.
முழு மரம்தானே.

அத மட்டும் செஞ்சு குடுங்க.